மிச்சத்துக்கு உட்கார்ந்தவள்

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் ஊருக்கு வந்து இறங்குகிற பெட்டிகள் எல்லாம் கணக்குப் பார்க்க ஆரம்பித்தன. அதற்கு முன்னால் அவை சாதாரணப் பெட்டிகளாகத்தான் இருந்தன. துபாயிலும் தோகாவிலும் ஜித்தாவிலும் இருக்கிற எங்கள் ஆண்கள் மாசக்கணக்கில் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டிக்குள் திணித்து, மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கி, பழுப்பு டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி அனுப்ப, அது கப்பலேறி, சென்னையில் இறங்கி, லாரி மாறி, கடைசியில் குட்டியானை வண்டியில் ஆடி ஆடி எங்கள் தெருவுக்குள் நுழையும். வண்டிச் சத்தம் கேட்டதும் யார் வீட்டுக்கு என்று பார்க்க எல்லா ஜன்னலும் ஒரு விரற்கடை திறக்கும்.

எங்கள் ஊரில் கல்யாணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். ஆனால் பெட்டி ஆணின் தாய்வீட்டுக்குத்தான் போகும். அதனால் புருஷன் அனுப்பிய பெட்டியைத் திறப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் அவள் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மாமியார் வீட்டுக்கு நடக்க வேண்டும். அங்கே மாமியார் ஒவ்வொன்றாக எடுத்து இது உனக்கு, இது அவளுக்கு என்று கொடுப்பார்கள். மருமகளுக்கும் ஒரு கை நீட்டலுக்கு ஒரு பொருள் உண்டு. மிச்சம் எல்லாம் மாமியாரின் அலமாரிக்குள் போகும், பிறகு அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. இது நியாயமா என்று கேட்டால் எங்களுக்குக் கோபம் வரும். வழக்கம் என்றால் வழக்கம்தான்.

அந்த ஐப்பசியில் வந்த பெட்டிகளோ சுற்றி உட்கார்ந்து கை நீட்டுகிறவர்களின் எண்ணிக்கையும் உள்ளே இருக்கிற பொருள்களின் எண்ணிக்கையும் சரியாக இருந்தால் மட்டுமே திறந்தன. இல்லையென்றால் கத்தி போகப் போக அதன் பின்னாலேயே டேப் ஒட்டிக்கொண்டு வந்தது. கை குறைவாக இருந்தால் பெட்டி பூரி மாதிரிப் புடைத்தது. கை கூடுதலாக இருந்தால் நாலு பக்கமும் உள்வாங்கியது. சரியாக அமைந்துவிட்டால் தானே விரிந்து, மேலே இருப்பது முதலில் உட்கார்ந்தவர் கைக்கும் அடுத்தது அடுத்தவர் கைக்குமாக, வரிசை பிசகாமல் பொருள்கள் வந்து சேர்ந்தன. பல் முளைக்காத பிள்ளைக்கு ஷேவிங் செட்டும், ஹஜ்ஜுக்குப் போய்வந்த பெரியவருக்கு ரோஜா நிற நகப்பூச்சும் கிடைத்தது இப்படித்தான்.

முதல் வாரம் நாங்கள் கொஞ்சம் எரிச்சல்பட்டோம். இரண்டாவது வாரத்தில் பழகிவிட்டது. ஒரு ஜோடிச் செருப்பு ஒன்றா இரண்டா என்ற சண்டைக்குப் பெட்டிகளே தீர்ப்புச் சொல்லின. ஒன்றுதான். சோப்புக் கட்டியைத் தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது, அட்டைக்குள் அடுக்கி ஒட்டியிருந்தால் அத்தனைக்கும் ஒரே ஆள் போதும். இது தெரிந்த பிறகு எல்லா உம்மாமார்களும் ஃபோனைப் போட்டு, சில்லறையாக வைக்காதே வாப்பா, கட்டாக் கட்டி வை என்று மகன்களுக்குச் சொன்னார்கள். பெட்டி திறக்கும்போது பாதியில் எழுந்து போகக்கூடாது என்று ஜமாஅத்தில் அறிவித்தார்கள். தூக்கிக் குலுக்கிப் பார்த்தே பத்தா பதினொன்றா என்று சொல்கிறவர்கள் ஊருக்குள் நாலைந்து பேர் கிளம்பினார்கள். அவர்கள் சொன்னது ஒருநாளும் சரியாக இருந்ததில்லை, ஆனாலும் அவர்களைக் கூப்பிடாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. ஆள் பற்றாத வீடுகள் யாரை வேண்டுமானாலும் கூப்பிட வேண்டியதாயிற்று. அதுவரை எந்தப் பெட்டிக்கும் அழைப்பு வராத கைம்பெண்கள், வாடகை வீட்டுக்காரர்கள், மீன் கூடையோடு தெருவில் போன காளியம்மா, பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் எல்லோரும் கூடத்தில் பாய்விரித்து உட்கார வைக்கப்பட்டு, ஆளுக்கு ஒரு கோடாலித் தைலமோ பேரீச்சம்பழ டப்பாவோ வாங்கிக்கொண்டு போனார்கள். காளியம்மா வீட்டில் அந்த வருஷம் மூன்று டார்ச் லைட் சேர்ந்துவிட்டது. மீன் வாங்கப் போனால், ஒங்க வீட்ல எப்பம்மா பெட்டி திறக்கிய என்று அவளே கேட்க ஆரம்பித்தாள்.

எல்லாப் பெட்டியும் இன்றில்லாவிட்டால் நாளை திறந்தது. திறக்காமல் நின்றது ஒன்றே ஒன்று. அது கதீஜா நாச்சியாவின் மகன் ஜலால் அனுப்பிய பெட்டி.

ஜலாலின் மனைவி சபூராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் பயணச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆண் பயணம் போகும்போது உள்ளூரில் தைத்த புதுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போவான். அங்கே போய் இறங்கியதும் அதை ஒருமுறை துவைத்து, மடித்து, எல்லாத் துணிக்கும் அடியில் வைத்துவிடுவான். அதை மறுபடி போடுவது ஊருக்குத் திரும்புகிற அன்றுதான். அதனால்தான் எங்கள் ஆண்கள் விமானத்திலிருந்து இறங்கும்போது தொப்பை தெறிக்க, பொத்தான் விலகி, பார்க்கச் சிரிப்பாக இருப்பார்கள், நாங்களும் மனசாரச் சிரிப்போம். திரும்பி வரப்போவதில்லை என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால் அதை வாயால் சொல்ல மாட்டான். அந்தச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைத்து, அதன் மேல் மற்றதை எல்லாம் அடுக்கி அனுப்பிவிடுவான். மேலத்தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு சட்டை வந்தது. அன்றைக்கு அந்த வீட்டுப் பெண்கள் அழவில்லை, சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை.

ஜலால் போட்டுப் போனது இளமஞ்சளில் பழுப்புக் கோடு போட்ட சட்டை. துணி எடுத்தவள் சபூரா. கிளம்புகிற நேரத்தில் இரண்டாவது பொத்தான் கழன்றுவிட, கைக்கு அகப்பட்டது நீல நூலாக இருந்ததால் நீல நூலிலேயே அவன் நெஞ்சோடு வைத்துத் தைத்து, பல்லால் கடித்து நூலை அறுத்தாள். கல்யாணமாகி இருவரும் சேர்ந்து இருந்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும்தான். அடுத்த பெருநாளுக்கு வருகிறேன் என்று போனவன், அதற்கடுத்த பெருநாள் என்றான், பிறகு பெருநாளைச் சொல்வதையே விட்டுவிட்டான். அங்கிருந்து இன்னும் தூரமான குளிர் தேசம் ஒன்றுக்கு மனுப் போட்டிருக்கிறான் என்றார்கள். சபூரா அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள். அவனுடைய குரலையும், அவன் தலையணையில் பட்ட எண்ணெய் வாசனையையும், சாப்பிடும்போது அவன் முதல் கவளத்தை உருட்டி வைத்துவிட்டுக் கடைசியில் எடுத்துத் தின்கிற கிறுக்கையும் நினைத்து நினைத்து அவள் இளைத்துப்போனதை ஊரே பார்த்தது. ஃபோனில் மட்டும், சாப்டீங்களா, அங்க வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

பெட்டி வந்த அன்று கதீஜா நாச்சியா வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் கை நீட்டி உட்கார்ந்தார்கள். பெட்டி புடைத்தது. கை குறைவு என்று அர்த்தம். இன்னும் ஒருவரைக் கூப்பிட்டு ஏழு பேராக உட்கார்ந்தார்கள். பெட்டி உள்வாங்கியது. கை அதிகமாம். ஒருவரை எழுப்பிவிட்டு மறுபடி ஆறு பேர், மறுபடி புடைத்தது. அன்று முழுக்க ஆறும் ஏழுமாகவே போனது. ஆள்களை மாற்றிப் பார்த்தார்கள், இடத்தை மாற்றிப் பார்த்தார்கள், மோதினார் ஓதி ஊதிப் பார்த்தார். ஆறு பேருக்கு ஏழு பொருள் வைத்திருந்த பெட்டி ஏழு பேருக்கு ஆறு பொருளே வைத்திருந்தது.

ஏழாவது பொருள் என்ன என்று அந்தக் கூடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. பையன் டேப்பை ஒட்டிவிட்டானே தவிர மனசை ஒட்டவில்லை, சட்டையை வைப்பதா வேண்டாமா என்று இன்னும் அங்கே யோசித்துக்கொண்டிருக்கிறான், அதனால்தான் அது பெட்டிக்குள் இருந்தும் இல்லாமலும் கிடக்கிறது என்று வெளியே வந்த பிறகு எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பெட்டியில என்னப்பா வச்சே என்று தாய் ஃபோனில் கேட்டதற்கு அவன், எனக்கே மறந்துட்டும்மா, தொறந்து பாருங்க என்றான்.

திறந்தால்தானே பார்ப்பது. பெட்டி கூடத்திலேயே கிடந்தது. கதீஜா நாச்சியா அதன் மேல் ஒரு பழைய விரிப்பைப் போட்டு மூடினார்கள். கொஞ்ச நாளில் அதன் மேல் தண்ணீர்ச் செம்பு ஏறியது, பிறகு இஸ்திரிப் பெட்டி ஏறியது. கார்த்திகை முழுக்க மழை பெய்தது, பெட்டி மட்டும் நமுத்துப் போகவில்லை. சபூரா வாரத்துக்கு ஒருமுறை வந்து, மாமியோடு தேத்தண்ணி குடித்துவிட்டு, அந்த விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டுப் போவாள். அவள் நீவும்போது உள்ளே ஏதோ ஒன்று ஒரு பக்கமாக நகர்வது போல இருக்கும் என்று பிறகு சொன்னாள்.

சபூராவுக்கு வேலை கம்ப்யூட்டரில். மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே புரோகிராம் பார்த்துக் கொடுத்தாள். மாடியறையில் உட்கார்ந்து அவள் என்ன செய்கிறாள் என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. டைப் அடிக்கிற சத்தத்தைவிட அடிக்காமல் இருக்கிற நேரம் அதிகம், அதற்கும் சம்பளமா என்று கேலி பண்ணியிருக்கிறோம். அந்தக் கார்த்திகையில் வேலையை விட்டுப் போன யாரோ எழுதி வைத்த புரோகிராம் ஒன்று அவள் தலையில் விழுந்தது. அதில் இருந்த ஒரு வரி அவளுக்குப் பிடிபடவே இல்லை. இங்கிலீஷில் இருந்ததை நம் எழுத்தில் எழுதினால் அது இப்படித்தான்:

முதல், *மற்றவை = பொருள்கள்

நட்சத்திரக் குறி என்றால் பெருக்கல் என்றுதான் அவள் படித்திருந்தாள். இங்கே எதை எதால் பெருக்குவது? காலேஜில் இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்று கம்பெனியில் யாரிடமும் கேட்கவில்லை. அந்த வரியைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு விளையாடிப் பார்த்தாள். முதலில் நட்சத்திரத்தை நீக்கினாள். இரண்டு பெயருக்கு இரண்டு பொருள் கொடுத்தால் ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டன. மூன்று கொடுத்தால் பொருள் அதிகம் என்று மெஷின் முரண்டு பிடித்தது. ஒன்று கொடுத்தால் பொருள் போதவில்லை என்று முரண்டு பிடித்தது. சபூரா கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள். புடைப்பதும் உள்வாங்குவதும் அவளுக்குத் தெரிந்த விஷயம்.

பிறகு நட்சத்திரத்தைத் திரும்பப் போட்டாள். மூன்று கொடுத்தாள், முதல் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்ள, நட்சத்திரம் போட்டது மிச்சம் இரண்டையும் வாங்கிக்கொண்டது. பத்துக் கொடுத்தாள், ஒன்பதையும் வாங்கிக்கொண்டது. கடைசியில் ஒன்றே ஒன்று கொடுத்தாள். முதல் பெயர் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் எதுவும் இல்லை. இப்போது மெஷின் கத்தும் என்று காத்திருந்தாள். அது கத்தவில்லை. நட்சத்திரம் போட்ட பெயருக்கு நேராக இரண்டு அடைப்புக்குறியை மட்டும் காட்டியது:

[]

இரண்டு பக்கமும் சுவர் இருக்க, உள்ளே யாரும் குடியிராத வீடு போல இருந்தது அது. சபூரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அவள் மாமி வீட்டுக் கூடத்தில் கை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கை நீட்டினால் ஏதாவது ஒன்று வந்தே ஆக வேண்டும். அத்தர் வந்தது, வாட்ச் வந்தது, வந்ததை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறாள். எதுவுமே வராமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் எப்படி உட்கார வேண்டும் என்பது அவளுக்கு இதுவரை தெரியாமல் இருந்தது. அடக்க முடியாமல் அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னொன்றும் சோதித்துப் பார்த்தாள், இரண்டு பெயருக்கும் நட்சத்திரம் போட்டாள். அதை மட்டும் மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி வீட்டுக்குப் போனாள். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆறு பேர் கை நீட்டட்டும், ஏழாவதாக ஒருத்தர் மட்டும் கை நீட்டாமல் துப்பட்டியை மடியில் விரித்து உட்காரட்டும், ஒன்று வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று உட்காரட்டும், அப்போது திறக்கும் என்றாள். கதீஜா நாச்சியா பெட்டி மேலிருந்த செம்பையும் இஸ்திரிப் பெட்டியையும் இறக்கி வைத்தார்கள். பிறகு ஆள் அனுப்பினார்கள். நாத்தனார் ஜொகராவும் அவள் புருஷனும் வந்தார்கள், பக்கத்து வீட்டு சுலைகா வந்தாள், மோதினார் வந்தார், காளியம்மா கூடையை வாசலில் இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆறாவது கையாக இருக்க வேண்டிய கதீஜா நாச்சியா கை நீட்டாமல் தானும் துப்பட்டியை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். எதிரில் சபூராவும் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

பெட்டி புடைக்கவும் இல்லை, உள்வாங்கவும் இல்லை. டேப்பில் கத்தி இறங்கவே இல்லை, இரும்பில் கீறுவது போலச் சத்தம் வந்தது.

“ஒருத்தருக்குத்தான் முடியும் மாமி” என்றாள் சபூரா.

“அப்ப நீ கைய நீட்டு. மிச்சம் எப்பவும் எனக்குத்தான். இன்னைக்கு நேத்தா?”

“நீங்களே வாங்கிக்கிடுங்க. நான் வேணாங்கல. ஆனா மிச்சத்துல அது இருந்தா, அதையும் நீங்கதான் மடியில வாங்கணும்.”

கதீஜா நாச்சியா தன் மடியைக் குனிந்து பார்த்தார்கள். அத்தனை வருஷம் அலமாரிக்குள் போன மிச்சத்தை எல்லாம் நினைத்தார்களோ என்னவோ, முகம் சின்னப்பிள்ளையின் முகம் போல ஆகிவிட்டது. தலைப்பிள்ளையாக ஜலாலைப் பெற்றவர்கள், அவன் வருவான் என்று அவன் படுக்கிற கட்டிலில் இன்றுவரை வேறு யாரையும் படுக்க விட்டதில்லை. விரித்த துப்பட்டியை மெல்ல மெல்லச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

“என்னால ஏலாது புள்ள” என்றார்கள். “அந்தச் சட்டை என் மடியில வந்து விழுந்தா நான் மவுத்தாப் போயிருவேன். உன்னால ஏலுமா?”

“ஏலாது மாமி. ஆனா உக்காருறேன்.”

கதீஜா நாச்சியா எழுந்து வரிசையின் முதலில் போய் உட்கார்ந்து கை நீட்டினார்கள். சபூரா கடைசியில் உட்கார்ந்தாள். அடியில் இருப்பது கடைசியில் இருக்கிறவளுக்குத்தான் வரும். வெள்ளைத் துப்பட்டியை மடியில் விரித்து, நாலு முனையையும் இழுத்துவிட்டு, கையை இரண்டு பக்கமும் தரையில் ஊன்றிக்கொண்டாள். ஜொகராவின் புருஷன் கத்தியை வைத்தார்.

டேப் வெண்ணெய் போல விலகியது. நாலு மடலும் தானே விரிந்தன. கதீஜா நாச்சியாவின் கைக்குக் கம்பளிப் போர்வை வந்தது. ஜொகராவுக்குப் பாதாம் டப்பா. அவள் புருஷனுக்குக் கோடாலித் தைலம். சுலைகாவுக்கு ஒரு ஃபிளாஸ்க். மோதினாருக்கு, என்ன செய்வது, தலைமுடி சுருட்டுகிற மெஷின். காளியம்மாவுக்கு நாலாவது டார்ச் லைட். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். அன்றைக்கு யாரும் தன் கையில் வந்ததைப் பார்க்கவில்லை, எல்லோரும் சபூராவின் மடியையே பார்த்தார்கள். சபூரா மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்துகொண்டிருந்தது, மடியில் ஒரு துணியின் கனம் வந்து இறங்குவதற்காகக் காத்திருந்தாள்.

கனம் எதுவும் இறங்கவில்லை.

கதீஜா நாச்சியா போர்வையைக் கீழே போட்டுவிட்டுத் தவழ்ந்து போய்ப் பெட்டிக்குள் கையைவிட்டுத் துழாவினார்கள். அடி அட்டைதான் கைக்கு அகப்பட்டது. நாலு மூலையிலும் விரலை விட்டுப் பார்த்தார்கள். பிறகு சபூராவின் மடியைத் தடவினார்கள், விரித்த துப்பட்டியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தார்கள். அதில் ஒன்றுமே இல்லை. சபூரா கண்ணைத் திறந்தாள். மஞ்சளும் இல்லை, பழுப்புக் கோடும் இல்லை, நீல நூலும் இல்லை. எல்லாத் துணிக்கும் அடியில், அந்தத் தூர தேசத்தில், அது இன்னும் அவனிடமேதான் இருந்தது.

அவன் எப்போது வருவான் என்பது அதனால் தெரிந்துவிடவில்லை. அடுத்த பெட்டியின் அடியில் என்ன இருக்கும் என்பதும் தெரியாது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த எவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. மாமியாரும் மருமகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள், காளியம்மாவும் சேர்ந்து அழுதாள். தேத்தண்ணி போட்டுக் குடித்தோம். இப்போது எங்கள் ஊரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் கடைசியில் ஒருத்தி துப்பட்டியை விரித்து உட்காருகிறாள், அது பெட்டி அனுப்பியவனின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இதுவும் வழக்கம்தான்.

மஃரிப் தொழுகைக்கு முன்னால் சபூரா வீட்டுக்குக் கிளம்பினாள். விரித்த துப்பட்டியை உதறிப் போர்த்திக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, உள்ளே இருப்பது அசையாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். கதீஜா நாச்சியா தன் துப்பட்டியை எடுத்து அவள் தலையில் போட்டுவிட்டு, வாசல்வரை கூடவே வந்து, அவள் படியில் கால் வைத்ததும் அணைத்திருந்த துப்பட்டிக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தாங்கினார்கள்.

“பாத்துப் போம்மா” என்றார்கள். “சிந்திராம.”

சபூரா தெருவின் நடுவே மெதுவாக நடந்து போனாள். எதிரே வந்த ஆட்டோ ஓரமாக நின்று அவளுக்கு வழிவிட்டது.